தானே முளைத்த சுரைக்கொடி

தில்லியிலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும் வசந்த பஞ்சமி கழிந்து குளிர் தணியும் நாள்களே கோடைக் காய்களுக்கு விதையூன்றும் பருவம். வீட்டுப் பின்புறத்தில் வெண்டை, வெள்ளரி, சுரை என்று பாத்தி கட்டுகிறோம். ஊன்றியது முளைக்கும் முன்பே ஊன்றாதது முளைத்துவிடுகிறது. அடுக்களைக் கழிவோடு எருக்குழிக்குப் போன விதைகளின் வேலை அது.

இவற்றைக் களையென்று பிடுங்கி எறிவதில் நமக்கு உடன்பாடில்லை. தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. கலப்பின விதையானால் தாய்ச்செடியைப் போல் இராது, அவ்வளவே. ரசத்துக்கு அது போதும்.

சுரையின் செய்தி வேறு. மாலையில் மலரும் அதன் வெண்பூக்களில் ஆணும் பெண்ணும் தனித்தனி. பூச்சிகள் எந்தக் கொடியின் மகரந்தத்தைக் கொணர்ந்தன என்பதை நாம் அறியோம். அவ்விதையின் காய் பார்வைக்குப் பழுதின்றி, உள்ளே கடுங்கசப்பாக அமையக்கூடும். அக்கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டாசின் சமைத்தாலும் நீங்காது; வாந்தியும் வயிற்றில் குருதிப்போக்கும் உண்டாக்கும். கசந்த சுரைச்சாறு அருந்தி நம் நாட்டில் உயிரிழந்தோரும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த வல்லுநர் குழுவே இதை ஆராய்ந்து, சிறு துண்டைச் சுவைத்துப் பார்த்த பின்னரே சாறு பிழியவேண்டும் என்று அறிவுறுத்தியது.

கசப்பு உடலுக்கு நல்லது என்னும் நம் வீட்டு வழக்கு பாகற்காயோடு நிற்கட்டும். கடையில் வாங்கிய சுரைக்கும் இச்சோதனை தேவையே. கசந்தால் துப்பிவிட்டுக் காயை எறிந்துவிடலாம். விதைக்கென்றும் அக்கொடியில் ஒன்றை முற்றவிட வேண்டா.