மலையகத்தில் பேச்சுச் சிகிச்சை கற்பிக்க வருவோருக்கு

லண்டனிலும் ரொறன்ரோவிலும் பேச்சு மொழிச் சிகிச்சை படித்துப் பணியாற்றும் நம் பிள்ளைகள் சிலர், நுவரெலியா, ஹற்றன் பக்கம் சென்று வைத்தியசாலை ஊழியருக்கு அத்தொழிலைக் கற்பிக்க விரும்புகிறார்கள். நல்ல காரியம். ஆனால் இரண்டு வாரம் தாமே நோயாளரைப் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் திட்டமென்றால், அந்தப் பயணம் வேண்டாம் என்பேன்.

பிளந்த உதட்டை அறுவை மருத்துவர் ஒரே நாளில் தைத்துவிடலாம். பேச்சு அப்படியல்ல. அண்ணப்பிளவுள்ள குழந்தைக்கு வாய்க்குள் நிற்கவேண்டிய காற்று மூக்கால் கசியும். 'அப்பா' என்று சொல்ல முயன்றால் 'அம்மா' என்றே நம் காதில் விழும். அண்ணத்தை மூடிய பின்னரும் பல பிள்ளைகளிடம் பழைய உச்சரிப்பு தங்கிவிடும். அதை மாற்ற மாதக்கணக்கில், பிள்ளையின் சொந்த மொழியில் பயிற்சி வேண்டும்.

கொழுந்து பறிக்கும் தாய் பிள்ளையைப் பேராதனைக்குக் கொண்டுபோனால் அன்றைய பேர் போய்விடும். பஸ் செலவு வேறு. முதற்தடவை போவாள், மூன்றாம் தடவை போகமாட்டாள். அக்கறையற்ற தாய் என்று குறிப்பெழுதவும் ஆளிருக்கும்!

இலங்கையில் இத்துறை வேரூன்றிய விதத்தைப் பாருங்கள். 1997இல் களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடத்தில் இதற்கான டிப்ளோமா தொடங்கியபோது, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினரும் வீ.எஸ்.ஓ. தொண்டர்களும் துணைநின்றனர். சிகிச்சையளிப்பதோடு நில்லாமல், சிகிச்சையாளரை உருவாக்கினார்கள். அது பின்னர் 4 ஆண்டுப் பட்டப்படிப்பாக வளர்ந்தது. எனினும் தமிழில் சிகிச்சையளிக்கக்கூடியோர் இன்றும் தேவைக்கு மிகக் குறைவு. நுவரெலியா மாவட்டத்திலோ மக்களில் அரைவாசிக்கு மேற்பட்டோர் தமிழர்.

ஆகவே கற்பிக்க வேண்டியது அங்கேயே இருப்பவர்களுக்கு. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்டு 2017 மே மாதம் திறக்கப்பட்ட 150 கட்டில் வைத்தியசாலையை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தகைய இடத்தில் பாரிசவாத நோயாளி ஒருவர் படுத்திருக்கையில், பாசத்தோடு உறவினர் புகட்டும் ஒரு மிடறு தேத்தண்ணீர் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைக் கெடுத்துவிடலாம். விழுங்கும் ஆற்றலைச் சோதிக்காமல் எதையும் வாயில் கொடுக்கலாகாது என்பதையும், நிமிர்த்தி உட்காரவைத்து எவ்வாறு ஊட்டுவது என்பதையும் தாதியருக்குக் கற்பிக்கலாம். அவர்கள் சிகிச்சையாளராகிவிட மாட்டார்கள். ஆனால் உயிர் தப்பும்.

தமிழகத்தின் திருவண்ணாமலை மாவட்டத்தில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் உள்ளூர்ப் பணியாளரைப் பயிற்றுவித்து, அண்ணப்பிளவுப் பிள்ளைகளுக்கு ஊரிலேயே பேச்சுப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். மலையகத்தில் அதற்கேற்ற இடம் பிள்ளை மடுவம். இரண்டு வயதிலும் வாய் திறவாத குழந்தையை முதலில் கவனிப்பவர் அங்குள்ள பெண்தான். கேள்விக் குறைபாடா என்று சோதிக்க அனுப்பவேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தால் ஆண்டுகள் வீணாகா.

வருவோர் பனிப்பொம்மைப் பட அட்டைகளைக் கொண்டுவராதீர்கள். கூடை, லயம், கொழுந்து என்று அங்கேயே வரையுங்கள். ஆறு மாதத்தின்பின் மீண்டும் வாருங்கள். இடையில் காணொளி அழைப்பில் பேசுங்கள்.

சுகாதார அமைச்சுக்கும் ஒரு வேண்டுகோள். பயிற்சி பெற்ற தாதியை அடுத்த வருடமே வேறு மாவட்டத்துக்கு இடமாற்றாமல், சில ஆண்டுகளாவது அங்கேயே விட்டுவைக்க வேண்டும்.