ஹம்ஸ்டரின் சில்லும் பெற்றோரின் பொறுப்பும்

பிள்ளைகள் கேட்டார்கள் என்பதற்காக ஹம்ஸ்டர் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், அதன் தீனியைப் பற்றியும் கூண்டின் விலையைப் பற்றியும் கடைக்காரரிடம் விசாரிக்கின்றனர். கூண்டினுள் பொருத்தப்பட்டிருக்கும் சில்லைப் பற்றிக் கேட்போர் மிகச் சிலரே. அது வெறும் விளையாட்டுப் பொருள் என்பது பலரது எண்ணம். அந்த எண்ணத்திற்கான விலையைக் கொடுப்பது வாயில்லாத ஒரு சிறு பிராணி என்பதனாலேயே இதனை எழுதுகிறேன்.

வீடுகளில் வளரும் பொன்னிற ஹம்ஸ்டரின் தாயகம் சிரியாவின் அலெப்போப் பிரதேசம். 1930ஆம் ஆண்டு ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழக விலங்கியலாளர் இஸ்ரேல் அகரோனி அங்கிருந்து கொண்டுவந்த ஒரே குடும்பத்தின் வழிவந்தவையே இன்று உலகெங்கும் கூண்டுகளில் உள்ளவற்றுள் மிகப் பெரும்பாலானவை. தலைமுறைகள் பல கடந்தும் ஓடும் இயல்பு அவற்றை விட்டு நீங்கவில்லை. சில்லு கிடைத்தால் ஓரிரவில் பல கிலோமீற்றர் ஓடுகின்றன.

சில்லில் ஓடுவது சிறைப்பட்ட விலங்கின் பித்து என்று வாதிடுவோரும் உளர். நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட முடிவுகள் இவ்வாதத்தைப் பலவீனப்படுத்தின. திறந்த வெளியில் அவர்கள் வைத்த சில்லில் காட்டெலிகள் தாமாகவே ஏறி ஓடின. அருகில் வைத்திருந்த உணவை அகற்றிய பின்னரும் வந்து ஓடின. ஆகவே சில்லு வேண்டுமா என்பதல்ல, எத்தகைய சில்லு என்பதே கேள்வி.

வளர்ந்த பொன்னிற ஹம்ஸ்டரின் உடல் ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் நீளமானது. மலிவான கூண்டுகளோடு வரும் சில்லுகள் பலவற்றின் விட்டமும் ஏறக்குறைய அவ்வளவே. அதனுள் ஓடும் பிராணி முதுகை வில்லாக வளைத்து, தலையை மேலே தூக்கியபடியே ஓட வேண்டும். இரவு தோறும் மணிக்கணக்கில் இப்படி ஓடினால் முதுகெலும்பு என்னவாகும் என்பதை விளக்க மருத்துவர் தேவையில்லை.

பொன்னிற ஹம்ஸ்டருக்கு 28 முதல் 30 சென்ரிமீற்றர் வரையும், குள்ள இனங்களுக்குக் குறைந்தது 20 சென்ரிமீற்றரும் விட்டம் வேண்டும். ஓடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். முதுகு நேராக இருந்தால் அளவு சரி. ஓடும் தளம் இடைவெளியற்றதாக இருத்தல் வேண்டும். ஏணிப்படி போன்ற கம்பிகளிலும் வலையிலும் கால் சிக்கி எலும்பு முறிவதுண்டு. சில்லின் முன்புறம் குறுக்குச் சட்டங்கள் இருந்தால், சுழலும்போது அவையும் தாங்கியும் கத்தரிக்கோலின் இரு அலகுகளாகிவிடும். மரச்சில்லு சிறுநீரை உறிஞ்சும்; பிளாஸ்ரிக் சில்லைக் கடித்தால் விளிம்பு கூராகும். எதை வாங்கினாலும் அடிக்கடி கழுவுவதும் பார்ப்பதும் அவசியம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையிலுள்ள 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், வளர்ப்புப் பிராணிக்குத் தகுந்த சூழலையும் அதன் இயல்பான நடத்தைக்கு இடத்தையும் அளிக்கும் கடமையை வளர்ப்பவர் மீது சுமத்துகிறது. 16 வயதுக்குட்பட்ட பிள்ளையின் பிராணிக்குப் பொறுப்பாளி, பிள்ளையைப் பராமரிக்கும் பெரியவரே. நல்ல சட்டந்தான். ஆனால் தகாத சில்லைக் கூண்டோடு சேர்த்துப் பெட்டியில் அடைத்து, வெளியே ஹம்ஸ்டரின் படத்தையும் அச்சிட்டு விற்பவர் எந்தக் கூச்சமுமின்றி விற்றுக்கொண்டிருக்கிறார். எந்த இனத்துக்கு எத்தனை சென்ரிமீற்றர் என்பதைப் பெட்டியிலேயே அச்சிடுமாறு உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்துவதே நியாயம் என்பது எனது கருத்து.

அதுவரை அளவுநாடாவோடு கடைக்குச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை. நாம் கூண்டில் அடைத்த உயிருக்கு வேறு சில்லைத் தேடிச் செல்லும் சுதந்திரம் கிடையாது. பிள்ளைக்கு உயிரிரக்கத்தைக் கற்றுக்கொடுக்க விரும்புவோர், அப்பாடத்தைச் சில்லை அளப்பதிலிருந்தே தொடங்கலாம்.