மலிவு எயார் ரைபிளும் எங்கட குரங்குகளும்

கண்டிப் பக்கம் குரங்குத் தொல்லையைப் பற்றிக் கதைச்சா, "எயார் ரைபிள் ஒன்று வாங்குங்க" என்கிறார்கள். காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் மலிவு ரகத்தில் நல்லதும் இருக்கு: ஸ்பிரிங் துவக்கு மாதிரி உதைக்காது, புதியவருக்கும் குறி வாய்க்கும். ஆனால் செலவு துவக்கோடு முடியாது. 200 பார் வரை காற்றடிக்கத் தனிப் பம்பு வேணும். நம்ம மலைநாட்டு ஈரக்காற்று உள்ளே போனால் துருப்பிடிக்கும். ரெகுலேட்டர் இல்லாததில் அழுத்தம் இறங்க இறங்க குண்டும் இடம் மாறும்.

இதெல்லாம் சின்னக் குறைகள். விரட்டுறதுக்குக் குறி எதுக்கு? காயப்பட்ட குரங்கு அடுத்த வளவில் கிடந்து சாகும். கூட்டம் நாளைக்கும் வரும். 2025 மார்ச் 15இல் நாடே ஐந்து நிமிடம் குரங்குகளை எண்ணியது. எண்ணினால் போதாது, திறந்து கிடக்கும் குப்பையை முதலில் மூடுவோம்.