பெரிய ஜெட் வாங்கினால் போண்டி... விர்ச்சுவல் ஏர்லைனில் லாபம் பார்ப்பது எப்படி?

ஃப்ளைட் சிமுலேட்டர் ஆடுபவர்களுக்கு ஒரு கட்டத்தில் சும்மா பறப்பது போரடித்துவிடும். டேக்-ஆஃப், லேண்டிங் எல்லாம் கைக்கு வந்தாச்சு. அடுத்து? சொந்தமா ஒரு ஏர்லைன்! 2024 நவம்பரில் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் கரியர் மோட் என்றே ஒன்று இருக்கிறது. அதற்கு வெகு காலம் முன்பிருந்தே எஃப்.எஸ்.எகானமி, ஆன்ஏர், நியோஃப்ளை என்று சிமுலேட்டரோடு இணைத்து ஆடும் பிசினஸ் கேம்களும் உண்டு.

விஷயம் சிம்பிள். ஏர்போர்ட்டில் காத்திருக்கும் பயணிகளையோ சரக்கையோ எடுத்துக்கொண்டு போய் இறக்கினால் கூலி. எரிபொருள், விமான வாடகை, பராமரிப்புச் செலவு போக மிச்சம் உங்களுக்கு. காசு டம்மிதான், ஆனால் கணக்கு அசல்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஒரு ஜெட். ஏ320-ல் 180 சீட் வரை இருக்கும். எஃப்.எஸ்.எகானமி மாதிரி கேமில் சின்ன ஏர்போர்ட்டுகளில் வேலை மூன்று பேர், ஐந்து பேர் என்றுதான் வரும். யாரை வைத்து நிரப்புவது?

அதைவிடப் பெரிய எதிரி, காலியாகத் திரும்பும் விமானம். ஒரு டிரிப்புக்கு வரவு 100 ரூபாய், செலவு 60 என்று வைத்துக்கொள்வோம். 40 ரூபாய் லாபம் என்று தோன்றும். திரும்பும்போது ஆள் இல்லையென்றால் மொத்தச் செலவு 120, கையைக் கடிப்பது 20. போகும் ஊரில் திரும்பி வர லோடு இருக்கிறதா என்று பார்க்காமல் கிளம்புவது, ரிட்டர்ன் சவாரி கிடைக்காத ஊருக்கு ஆட்டோ ஓட்டுவது மாதிரி. செஸ்னா கேரவன் போன்ற ஒன்பது, பத்துப் பேர் விமானம் இந்த விளையாட்டில் ஜெட்டைவிட சமத்தாக இருப்பதற்குக் காரணம் இதுதான். இரண்டு பக்கமும் நிரப்பிவிடலாம்.

எல்லா ரகத்திலும் ஒன்று வாங்கி வைக்கும் ஆசையும் வேண்டாம். 1971-ல் பறக்கத் தொடங்கிய அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் இன்றும் போயிங் 737 ரகத்தையே ஓட்டுகிறது. நம்ம ஊர் கிங்ஃபிஷர் ஏ.டி.ஆர், ஏ320, ஏ330 என்று எல்லாம் வைத்திருந்தது. 2012 அக்டோபரில் பறப்பதையே நிறுத்தியது (காரணங்கள் பல, கடன் அதில் முக்கியமானது). சிமுலேட்டரிலும் ஒரே காக்பிட் பழகியவர் சீக்கிரம் கிளம்புவார், தப்பும் குறைவு.

இனி, கேமின் கணக்குப் புத்தகத்தில் வராத ஒரு செலவு. உங்கள் நேரம். எஃப்.எஸ்.எகானமியில் நேரத்தை வேகமாக ஓட்ட முடியாது; மூன்று மணி நேரப் பயணம் என்றால் மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிப்பவருக்கு இதைவிடக் காஸ்ட்லியான எரிபொருள் கிடையாது. அதனால் ஒரு டிரிப்புக்கு எவ்வளவு என்று பார்ப்பது தப்பான கேள்வி. ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். மூன்று மணி நேரம் பறந்து 9,000 சம்பாதிக்கும் வேலையும், 40 நிமிடத்தில் 4,000 தரும் வேலையும் இருக்கிறது என்றால்? லோடு ஏற்ற, ரூட் போட என்று இரண்டுக்கும் 20 நிமிடம் சேர்த்தால் முதலாவதில் மணிக்கு 2,700, இரண்டாவதில் 4,000. அதற்காகப் பத்து நிமிடக் குட்டி டிரிப்பாகவே எடுத்தாலும் தயாரிப்பு நேரமே லாபத்தைத் தின்றுவிடும்.

பறக்காமலே சம்பாதிக்கவும் வழி உண்டு. ஆன்ஏரில் சம்பளத்துக்குப் பைலட் வைக்கலாம். எஃப்.எஸ்.எகானமியில் உங்கள் விமானத்தை மற்ற வீரர்களுக்கு வாடகைக்கு விடலாம். அதன் சொந்த ஏர்போர்ட் பக்கமாக ஓட்டி வருபவருக்குப் போனஸும் வைக்கலாம். கேட்பார் இல்லாத ஊரில் நிறுத்தினால் மட்டும் அது தூசி படிந்து கிடக்கும். இப்படி ஐந்தாறு விமானம் சேர்ந்துவிட்டால் லாபம் நிச்சயம் கூடும். ஆனால் பறக்க ஆசைப்பட்டு வந்தவர் ராத்திரி முழுக்க எக்செல் ஷீட் பார்த்துக்கொண்டிருப்பார், அதுவும் சம்பளமே இல்லாமல்!

ஆரம்பிப்பவர்கள் முதல் சில வாரம் வாடகை விமானத்திலேயே ஓட்டலாம். சொந்தமாக வாங்கினால் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செலவு வரும். அதற்கான காசைத் தனியாக எடுத்து வைத்த பிறகு, ஒரு பழைய செஸ்னா 172 போதும்.