சிங்கியின் சிலம்பு

2023-ல் தமிழக அரசு குறவன் குறத்தி ஆட்டத்தைத் தடை செய்தது. ஒரு சமூகத்தை ஆபாசமாகச் சித்தரிப்பது என்று மதுரைக் கிளை உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கின் விளைவு அது. நம் இலக்கிய நண்பர்களுக்கு இதில் சிரமமில்லை. திருவிழா மேடையில் நடப்பது கொச்சை, குற்றாலக் குறவஞ்சி கலை. அது ஏளனம், இது ரசனை. இப்படியொரு பாகப்பிரிவினை செய்துகொண்டு நிம்மதியாக இருக்கிறோம்.

இந்தப் பாகப்பிரிவினையை என்னால் ஒப்ப முடியவில்லை.

குறவஞ்சியில் நம்மவர்கள் மாய்ந்து மாய்ந்து சிலாகிக்கும் இடம் சிங்கன் சிங்கி உரையாடல். சிங்கியின் காலில் கிடக்கும் சிலம்பு சிங்கனுக்கு விரியன் பாம்பாகத் தெரிகிறது. இது எப்படி இங்கே வந்தது என்கிறான். நாம் சிரிக்கிறோம். குறத்தி காலில் சிலம்புக்கு என்ன வேலை என்று நமக்குள் ஏற்கெனவே ஓர் உடன்பாடு இருப்பதால்தான் சிரிக்கிறோம்.

உடன்பாடு சிரிப்போடு நிற்கவில்லை. 1911-ல் சென்னை மாகாணத்துக்கு வந்த குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் குறவர்களும் பிறவித் திருடர்களாகப் பதிவு செய்யப்பட்டார்கள். 1947-ல் சட்டம் இங்கே ரத்தாயிற்று, சந்தேகம் ரத்தாகவில்லை. 1993-ல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் ராஜாக்கண்ணு அடித்துக் கொல்லப்பட்டார். நகை திருடியதாகச் சந்தேகம். அவர் குறவர். அவருக்காகக் கண்ணீர் விட வைத்த 'ஜெய் பீம்' (2021) அவர் பெயரை வைத்துக்கொண்டு அவரை இருளராக்கிவிட்டது. அனுதாபத்துக்கும் ஆள் அடையாளம் தேவைப்படவில்லை.

திரிகூடராசப்பக் கவிராயரைத் தடை செய்யச் சொல்லவில்லை. அவர் தம் ரசிகர்களைவிட மேலானவர். சிங்கனின் ஒவ்வொரு கேள்விக்கும் சிங்கியைப் பதில் சொல்ல வைத்திருக்கிறார்: இது இன்ன ஊரில் குறி சொல்லிப் பெற்றது. அதாவது, என் வித்தைக்குக் கிடைத்த கூலி. நம் விமர்சனம் கேள்வியிலுள்ள உவமையை மெச்சிவிட்டு, பதிலைத் தாண்டிப் போய்விடுகிறது.

ரசனையா ஏளனமா என்பதை ரசிகனின் அன்பை வைத்துத் தீர்மானிக்க முடியாது. பாடப்பட்டவன் திரும்பிப் பேசும்போது இவன் காது கொடுக்கிறானா என்பதுதான் கேள்வி. நாளை ஒரு குறவர் வந்து, இந்த இடம் எனக்கு வலிக்கிறது என்றால், அது சமூகவியல், இலக்கியமல்ல என்று நாம் கையை உதறுவோம். அவர் செய்வதும் விமர்சனம்தான். நாம் வாசிக்காமல் விட்ட வரியை அவர் வாசித்திருக்கிறார்.