இடிக்கப் போகிறவர் எடுக்கச் சொன்ன படம்

கிளாஸ்கோ நகரத்துப் பழைய சந்துகளைப் புகைப்படக்காரர் தாமஸ் அன்னன் எடுத்த படங்களைக் காட்டி, "அந்தக் காலமே தனி" என்று பெருமூச்சு விடுபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஸ்டூடியோ நடத்தியவன் நான். எந்தப் படமானாலும் காசு கொடுத்தது யார் என்றுதான் முதலில் கேட்பேன். இங்கே கொடுத்தது நகர மேம்பாட்டு அறக்கட்டளை. 1866-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் குடியிருப்புகளை இடிக்கும் பொறுப்பு அதனுடையது. இடிக்கும் முன் ஒரு பதிவு வேண்டுமென்று 1868-இல் அன்னனை அமர்த்தினார்கள்.

கண்ணாடித் தகட்டில் ரசாயனத்தைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே எடுத்து, அங்கேயே கழுவியாக வேண்டும். சந்திலோ வெளிச்சம் சொற்பம். மூடியைத் திறந்து வைத்துக் காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகள் சும்மா நிற்பார்களா? அதனால்தான் சுவரின் ஒவ்வொரு கல்லும் துல்லியமாக விழுந்திருக்கிறது. பிள்ளைகளின் முகம் கலங்கிவிட்டது. அன்னனைக் குறை சொல்ல மாட்டேன், கைத்திறனில் அவர் கெட்டிக்காரர். கேட்டது சுவரை, கொடுத்தது சுவரை.

1840-களில் ஹில், ஆடம்சன் என்ற இரு புகைப்படக்காரர்கள் எடின்பரோ அருகே நியூஹேவனில் எடுத்த மீன்காரப் பெண்களும் அசையாமல்தான் நின்றார்கள். ஆனால் அங்கே படத்துக்கு விஷயமே அவர்கள்தான். கோடு போட்ட பாவாடையும் மீன்கூடையும் தெளிவாகத் தெரியும்.

கிளாஸ்கோவில் இடித்த வேகத்தில் அறக்கட்டளை வீடு கட்டவில்லை. வெளியேறியவர்கள் வேறு நெரிசலில் போய் ஒண்டினார்கள். அன்னன் படங்களை மாட்டும் எந்த அருங்காட்சியகமும் தெருப் பெயரோடு இதையும் எழுதி வைக்கட்டும்.