கைமாறி வந்த ரஷ்யா



ஓர் அரசு இன்னொரு நாட்டின் அரசோடு பேசுவது பழைய வழக்கம். அந்த அரசைத் தாண்டி அங்குள்ள மக்களிடமே பேசி, அவர்கள் மனத்தில் இடம்பிடிக்கப் பார்ப்பதைப் பொது ராஜதந்திரம் என்கிறார்கள். 1965இல் அமெரிக்காவின் ஃபிளெட்சர் கல்லூரித் தலைவர் எட்மண்ட் கல்லியன் இந்தப் பெயரை நிலைநிறுத்தினார். வானொலி, நூலகம், கலைக்குழு, உதவித்தொகை எல்லாம் இதில் அடங்கும். இத்தனை செலவில் அனுப்பும் செய்தி, போய்ச் சேரும் இடத்தில் என்ன ஆகிறது? இதற்கான விடையை நான் தொடர்பியல் அறிஞர்களிடம்தான் தேடுவேன்.

1940 அமெரிக்கத் தேர்தலில் ரூஸ்வெல்ட்டும் வில்கியும் மோதியபோது, ஓஹியோவின் ஈரி மாவட்டத்தில் சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்ட் குழு வாக்காளர்களைப் பல மாதங்கள் தொடர்ந்து சந்தித்தது. வானொலியும் செய்தித்தாளும் மனத்தை மாற்றியவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலோர் பேசி முடிவெடுத்தது வீட்டாரோடும் அக்கம்பக்கத்தாரோடும்தான். ஊரில் சிலர் ஆர்வமாகப் படிக்கிறார்கள், கேட்கிறார்கள். அவர்கள் வாய்வழியே செய்தி மற்றவர்களைச் சென்றடைகிறது. இதுவே இருபடி ஓட்டக் கோட்பாடு.

இந்தக் கோட்பாட்டுக்குத் தமிழ்நாட்டைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. சோவியத் அரசு மாஸ்கோவில் தமிழ்ப் புத்தகங்களை அச்சிட்டுக் கப்பலேற்றியது. முன்னேற்றப் பதிப்பகம், மீர், ராதுகா என்ற பெயர்களை அந்தத் தலைமுறை மறந்திருக்காது. பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன் போன்றவர்கள் மாஸ்கோவிலேயே தங்கி மொழிபெயர்த்தார்கள். அடக்க விலைக்கும் குறைவாகத் தோன்றும் விலையில், கெட்டி அட்டையோடு அவை நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் கண்காட்சிகளுக்கு வந்தன. லெனின் வந்தார், கூடவே ஐத்மாத்தவின் 'ஜமீலா' வந்தாள், பெரெல்மானின் பௌதிகமும் வந்தது. தொழிற்சங்கத் தோழர், பள்ளி ஆசிரியர், படிப்பக நூலகர் என்று யாரோ ஒருவர் படித்துவிட்டு அடுத்தவர் கையில் கொடுத்தார். மாஸ்கோ செலவழித்தது அச்சுக்கும் கப்பலுக்கும். அந்தப் புத்தகத்தின் மீது நம்பிக்கையை உண்டாக்கியவர் அந்த 'யாரோ ஒருவர்'.

வாங்கியவர்கள் எல்லாரும் கம்யூனிஸ்டுகள் ஆனார்களா? இல்லை. பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973இல் எழுதிய கட்டுரை இதை விளக்குகிறது: அனுப்புபவர் ஒரு பொருளை உள்ளே வைத்து அனுப்பலாம், பெறுபவர் தன் வாழ்க்கையை வைத்துத்தான் அதைப் பிரிப்பார். ஒப்புக்கொள்ளலாம், பாதி ஏற்கலாம், மறுக்கலாம். நம்மவர்கள் கொள்கைப் பிரசுரங்களை அலமாரியில் விட்டுவிட்டு டால்ஸ்டாயையும் தஸ்தயேவ்ஸ்கியையும் செகாவையும் எடுத்துக்கொண்டார்கள். 1991இல் சோவியத் யூனியன் மறைந்தது, கப்பல்கள் நின்றன. ஆனாலும் தஸ்தயேவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்' கதையின் தாக்கத்தில் இயக்குநர் எஸ்.பி. ஜனநாதன் 2003இல் 'இயற்கை' படத்தை எடுத்தார். எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணன் மேடைதோறும் ரஷ்ய இலக்கியம் பேசுகிறார். டால்ஸ்டாயை நாயகனாக்கி நாவலே எழுதினார். அனுப்பிய அரசு போன பின்பும் ரஷ்ய மக்கள் மீதான அன்பு இங்கே தங்கிவிட்டது. வற்புறுத்தாமல் ஈர்ப்பால் பெறும் செல்வாக்கு, மென்சக்தி என்று 1990இல் அரசறிவியலாளர் ஜோசப் நை பெயரிட்டது இதைத்தான் என்றால், அது எந்த அமைச்சகத்தின் கணக்கிலும் வராத சக்தி.

சொல்லும் செயலும் ஒத்துப்போகாவிட்டால் இப்படிப்பட்ட அன்பு உருவாகாது. ஜாஸ் கலைஞர்களை உலகெங்கும் அனுப்பிச் சுதந்திரத்தின் முகமாகக் காட்டியது அமெரிக்கா. 1957இல் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரப் பள்ளியில் கறுப்பின மாணவர்களை நுழையவிடாமல் தடுத்தபோது, அரசு சார்பில் சோவியத் பயணம் போக மாட்டேன் என்று ஜாஸ் கலைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் மறுத்துவிட்டார். அவர் செய்தது சரி என்பேன். தூதராக நிற்கும் கலைஞனே நம்பாத செய்தியை வேறு யார் நம்புவார்கள்?

இன்று தூதரகங்கள் சமூக ஊடகத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணுகின்றன. பார்த்தவர் அதை யாரிடம் எடுத்துச் சொன்னார், எப்படிச் சொன்னார் என்பதை அந்த எண் காட்டுவதில்லை.

செய்தியைக் கைமாற்றிக் கொடுத்த அந்த மனிதச் சங்கிலியின் நடுக்கண்ணிகளை ஆவணப்படுத்த விரும்புகிறோம். உங்கள் கைக்கு முதல் ரஷ்யப் புத்தகத்தைத் தந்தவர் யார்? ரஷ்யா மட்டுமல்ல, சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்புக்கு உங்கள் ஊரில் நேயர் மன்றம் இருந்ததா, அதை நடத்தியவர் யார்? எழுதுங்கள். வரும் கடிதங்களை அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்